எட்டேழு ஐம்பத்தெட்டு

மலைக்குப் புறப்படும் தொண்டர் ஆசிரியர்களுக்கு,

சென்ற மாதம் கற்பிட்டியில் நடந்த வழியனுப்புக் கூட்டத்தில் என்னை ‘ஓய்வுபெற்ற ஆசிரியை’ என்று அறிமுகப்படுத்தினார்கள். நீங்கள் சிரித்தீர்கள். இருபத்தாறு வயதில் ஓய்வு பெறுவது சிரிப்புக்குரியதுதான். ஆனாலும் அந்தச் சொல் முழுக்கப் பிழையென்று எனக்குத் தோன்றவில்லை. பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கத் திரும்பிவிட்ட எனக்கு, அந்த மலைப் பள்ளிக்கூடம் இப்போது முடிந்துபோன ஒரு முழு வாழ்வைப் போலத்தான் தூரத்தில் நிற்கிறது.

உங்களில் ஒருவர் எழுந்து, “அக்கா, அங்க என்னென்ன கொண்டுபோகோணும்?” என்று கேட்டார். குடை, டோர்ச், இரண்டு சோடி சப்பாத்து, அட்டை கடித்தால் போடப் புத்தளத்து உப்பு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பலர் முன்னால் பேச எனக்கு வராது. கூட்டம் முடிந்து கண்டக்குழிக் கடற்கரை வழியே வீட்டுக்கு நடந்தபோதுதான், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது உறைத்தது. எதைக் கொண்டுபோவது என்பதைவிட எதைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவது என்பதே பெரிய கேள்வி. அதற்கான பதிலைப் பேசத் தெரியாதவள் எழுதுகிறேன்.

நீங்கள் போகும் ஊருக்கு வரைபடத்தில் வேறு பெயர் இருக்கலாம். அங்குள்ளவர்கள் ‘மேப்பிரிவு’ என்கிறார்கள். தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவாக இருந்து, தோட்டம் கைவிட்ட பிறகும் மனிதர்கள் கைவிடாத இடம். மரக்கறி லொறி வந்து திரும்பும் வளைவில் சிறிய மாரியம்மன் கோயில் ஒன்று உண்டு. அதற்கு மேல் வாகனம் போகாது. அங்கிருந்து ஊர்வரை மலையின் விலாவில் ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் ஓடை ஓடும் பள்ளம், பள்ளத்துக்கு அப்பால் மொட்டைப்பாறை. அரிசி மூட்டையும், சமையல் எரிவாயுச் சிலிண்டரும், நோயாளியும், சில வேளைகளில் சவப்பெட்டியும் அந்தப் பாதையில்தான் மனிதத் தோளில் ஏறி இறங்குகின்றன. கைத்தொலைபேசிக்கு அலை கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்று. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உள்ள உயர்ந்த கல். கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் கணவன்மாருடன் பேச, மாலையில் பெண்கள் அந்தக் கல்லடியில் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தி கல்லின் மேல் நின்று பேசுவதைக் கீழே நிற்கும் எல்லோரும் கேட்டே ஆக வேண்டும். அந்த ஊரில் இரகசியமாகச் சண்டை போட முடிந்த தம்பதியினர் எவரும் இல்லை.

பாதையின் மேட்டுப் பக்கமாக ஒரு கறுப்புத் தண்ணீர்க் குழாய் கிடக்கிறது. ஊருக்கு மேலுள்ள ஊற்றிலிருந்து கோயிலடிவரை தண்ணீர் கொண்டுபோவது அது. அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பனிமூட்டம் இறங்கினால் அந்த ஊரில் யாரும் நடக்கமாட்டார்கள். குழாயைத் தேடி, அதில் காலை முட்டுக்கொடுத்து, இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஊரிலிருந்து ஆட்கள் குழாயைத் தடவிக்கொண்டே இறங்கிப்போய் அவர்களை அழைத்து வருவார்கள். கூப்பிடுவதில்லை, விளக்குக் காட்டுவதில்லை. “மூடுனா ஒக்காரு” என்பதுதான் அங்கு குழந்தைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் வாக்கியம். என்னோடு அனுப்பப்பட்ட நவாஸ் சேரும் நானும் போய்ச் சேர்ந்த முதல் கிழமையிலேயே அதைக் கற்றுக்கொண்டோம். விதியைத்தான் கற்றுக்கொண்டோம். காரணத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நவாஸ் சேர் புத்தளத்துக்காரர். போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பத்தில், இங்கே பிறந்தவர். கணிதம் கற்பிப்பார். நான் எவ்வளவு குறைவாகப் பேசுவேனோ அவ்வளவு அதிகமாக அவர் பேசுவார். குரலும் அப்படி. “எங்கட வாப்பா கடலில நிண்டு கூப்பிட்டா உம்மாக்குக் குசினிக்குள்ள கேக்கும். அந்தக் குரல்தான் எனக்கு” என்று பெருமைப்படுவார். ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘லவுட்ஸ்பீக்கர்’. அது அவருக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தார்.

கரையின் அறிவு மலையில் செல்லாது என்பதை நான் முதலில் கருவாட்டில்தான் கண்டேன். அம்மா ஓலைப்பெட்டி நிறையக் கட்டாக் கருவாடு கட்டித் தந்திருந்தார். எங்கள் வீட்டில் கருவாடு என்பது ஒருமுறை காய்ந்துவிட்டால் காய்ந்ததுதான். மேப்பிரிவில் ஒரு கிழமைக்குள் அதன்மேல் பச்சை பூத்தது. நான் அதை வெளியே எறியப்போனபோது, கீழ் லயத்து வரிசை வீட்டிலிருந்த லெச்சுமி அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். எங்கள் மூன்றாம் வகுப்பு தர்ஷினியின் தாய் அவர்.

“என்னா டீச்சர், சாமி குடுத்ததக் குப்பையில போடுறீங்க?”

“பழுதாப்போச்சு அக்கா. அங்க இது வருசம் முழுக்க இருக்கும்.”

“அங்க ஒங்களுக்கு வெயிலு இருக்கு. இங்க எங்களுக்கு அடுப்புதான் வெயிலு. குடுங்க.”

கழுவித் துடைத்து, தன் அடுப்புக்கு மேலே கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டார். புகையில் அது மறுபடியும் கருவாடாகியது. அதன் பிறகு கருவாடு எனக்குச் சொந்தம், அதன் இருப்பிடம் அவர் வீடு என்று ஆனது. ஒரு துண்டு வேண்டுமென்றால் நான் அவர் வீட்டு அடுப்படிக்குப் போக வேண்டும். போனால் சும்மா திரும்ப முடியாது. தேங்காய்ப்பால் இல்லாத, மிளகாய் அதிகமான அவர் வீட்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் வரவேண்டும். பேசத் தெரியாத எனக்கு அந்த ஊரில் ஓர் உறவு அப்படித்தான் வாய்த்தது. இப்போது விடுதி அறையில் மழை பெய்யும் நாட்களில், ஈர விறகும் கருவாடும் சேர்ந்த அந்த மணம் காரணமில்லாமல் வந்துபோகிறது.

லெச்சுமி அக்காவுக்கு எங்கள் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு நிரந்தரமான கேலி உண்டு. பள்ளிக்கூடம் மலையின் மூக்குப்போல நீட்டிக்கொண்டிருக்கும் மேட்டில் இருப்பதால், அங்கு பிள்ளைகள் சேர்ந்து கத்துவது கோயில் வளைவுவரை கேட்கும். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடியும் முன் நவாஸ் சேர் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைப்பார். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழேழு நாற்பத்தொன்பது வரை குரல்கள் ஒரே சீராக ஓடும். எட்டேழு வந்ததும் வண்டி சேற்றில் சிக்கும். பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள், மீதிப்பேர் முணுமுணுப்பார்கள். அந்த இடைவெளியில் தர்ஷினி மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல், தெளிந்த உரத்த குரலில், “ஐம்பத்தெட்டு!” என்பாள். உடனே நவாஸ் சேர், “எவ்வளவு? எட்டேழு எவ்வளவு?” என்று முழங்குவார். இதுவும் கோயில் வளைவுவரை கேட்கும்.

“என்னாங்க சார்,” என்பார் லெச்சுமி அக்கா, “வருசம் போகுது, எட்டேழு மட்டும் மலை ஏற மாட்டேங்குதே. கீழ்ப்பிரிவுல கொழுந்து பறிக்கிற நாங்க சிரிக்கிறோம்.”

“உங்கட மகளிட்டக் கேளுங்க. பிழையா இருந்தாலும் பரவாயில்ல, அவ்வளவு உறுதியாச் சொல்லுறாவே, அதுதான் எனக்கு விளங்குதில்ல.”

“அது அவ அப்பா புத்தி சார். தப்புன்னாலும் சத்தமா சொல்லுவாரு.”

அந்தக் கணவர் கொழும்பில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்கு நின்றார். நான் சொல்லப்போகும் நாளில் லெச்சுமி அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று கிளினிக் நாள். காலையில் வெயில் அடித்தது. அவர் தர்ஷினியைப் பள்ளியில் விட்டுவிட்டு, கோயிலடியில் லொறி பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கியது. கடல்மேல் படரும் மழைமூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது வேறொரு பொருள். கடலில் அது தூரத்திலிருந்து வரும். மலையில் அது வருவதில்லை. இருந்த இடத்திலேயே உலகம் அழிகிறது. முதலில் மொட்டைப்பாறை, பிறகு பள்ளம், பிறகு முற்றத்துக் கொடிக்கம்பம், பிறகு வாசற்படி. ஊர் வழக்கப்படி பிள்ளைகளை நாங்கள் வெளியே விடவில்லை. மண்டபத்துக்குள் வைத்துக்கொண்டோம். லெச்சுமி அக்கா வந்த லொறி கோயிலடியில் அவரை இறக்கிவிட்டுப் போன செய்தி, மூட்டத்துக்குச் சற்று முன் ஏறிவந்த ஒருவர் மூலம் கிடைத்திருந்தது. அக்கா மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாராம். ஆகவே அவர் பாதையில் எங்கோ, குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவருடைய அண்ணன் பெரியசாமிதான் அந்தக் குழாயைப் பராமரிப்பவர். கயிறும் போர்வையும் எடுத்துக்கொண்டு வருகிறேன், மூன்று பேராக இறங்குவோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார். அவருக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் நவாஸ் சேருக்குப் பொறுக்கவில்லை.

“குளிருல ஒரு புள்ளத்தாச்சி மண்ணில குந்திக்கொண்டிருக்கா. இவங்க ஆறுதலாக் கயிறு தேடுறாங்க!”

எங்கள் கரையில் இப்படியொரு வேளைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மழைமூட்டத்தில் வள்ளங்கள் கரை தெரியாமல் தடுமாறினால் எங்கள் கோயில் மணியை விடாமல் அடிப்பார்கள். கடலில் சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் கரை. அப்பா ஒருமுறை அப்படித்தான் வந்து சேர்ந்தார். தன் ஊரிலும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் கூப்பிட்டு வள்ளங்களைக் கரைசேர்த்த கதையை நவாஸ் சேர் எனக்குச் சொல்லியிருக்கிறார். கரையில் பிறந்த எவருக்கும் அது யோசித்துச் செய்யும் காரியமல்ல. கை தானாகப் போகும். நவாஸ் சேரின் கையும் போனது. பள்ளி மணியாகத் தாழ்வாரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் விடாமல் அடிக்கத் தொடங்கினார். எனக்கும் அது சரியாகவே பட்டது.

சற்று நேரத்தில் மூட்டத்துக்குள்ளிருந்து இரண்டு பெண்கள் வெறுங்காலோடு ஓடிவந்தார்கள். ஒருத்தியின் முழங்காலில் இரத்தம். வாசலில் நின்ற என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தங்கள் பிள்ளைகளைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். பின்னாலேயே பெரியசாமி அண்ணன், கையில் கயிறுமின்றிப் போர்வையுமின்றி.

“அடிக்காதீங்க சார்! அடிக்காதீங்க!”

“ஏன்? சத்தம் கேட்டா அவ வழி பிடிச்சு வருவா தானே?”

“எந்த வழி? பாறையில பட்டு அந்தப் பக்கமாத்தான் கேக்கும். பள்ளத்துப் பக்கமா!” அவருக்கு மூச்சு வாங்கியது. “அத விடுங்க. நேரங்கெட்ட நேரத்துல இந்த மணி அடிச்சா என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு? பள்ளிக்கூடத்து மேல மண்ணு சரிஞ்சிருச்சுன்னு அர்த்தம். புள்ளைங்களத் தூக்கிட்டு ஓடுன்னு அர்த்தம்!”

முன்பொரு மழையில் பள்ளிக்குப் பின்னாலுள்ள மேடு சரிந்தபோது அந்தத் தண்டவாளத்தைத்தான் அடித்தார்களாம். அதன் பிறகு நேரம் தவறிக் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள். அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஓர் ஊர் தனக்கு நன்றாகத் தெரிந்ததை விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

நவாஸ் சேரின் கையிலிருந்து கம்பி விழுந்தது. அவர் முகத்தை நான் அப்படி ஒருபோதும் பார்த்ததில்லை.

“அப்ப லெச்சுமி அக்கா?”

“ஒக்காந்திருந்தவ எந்திரிச்சிருப்பா சார்,” என்றார் பெரியசாமி அண்ணன். “மக உள்ள இருக்காள்ல.”

பாதையின் நடுவில், குழாயை விட்டுப் பள்ளத்துப் பக்கமாகப் பிரியும் ஒரு பழைய பாதை உண்டு. முந்தின மழையில் அதன் மறுமுனை ஓடைக்குள் இடிந்து விழுந்திருந்தது. பாறையிலிருந்து திரும்பிவரும் சத்தத்தை நோக்கி நடப்பவர் அதில்தான் இறங்குவார். எல்லோரும் அதைத்தான் நினைத்தார்கள்.

பெரியசாமி அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் உடனே புறப்பட்டார்கள். ஆனால் குழாயைத் தடவிக்கொண்டு இறங்குபவர்களுக்கு வேகம் கிடையாது. அக்காவோ இப்போதே நடந்துகொண்டிருப்பார். பெண்களில் ஒருத்தி, “எல்லாரும் சேந்து பேரைச் சொல்லிக் கத்துவோம்” என்றாள். நவாஸ் சேர், “நான் கத்துறன், ‘ஒண்டுமில்ல, இரு’ எண்டு கத்துறன்” என்று வாசலுக்கு ஓடினார். நான் அவருடைய சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். அந்த ஊரில் நான் ஒருவரைத் தொட்டுத் தடுத்தது அந்த ஒரே தடவைதான்.

“வேண்டாம் சேர். பேர் சொல்லிக் கத்தினா இன்னும் பயப்படுவா. சொல்லு விளங்காது, கத்துறது மட்டும்தான் விளங்கும்.”

“அப்ப என்ன செய்யச் சொல்லுறீங்க? அடிச்சதைத் திருப்பி எடுக்க ஏலுமா?”

அப்பாவின் வள்ளம் தாமதித்த அந்த நாளில் அம்மா கரையில் நின்ற விதம் எனக்கு நினைவு வந்தது. யார் யாரோ வந்து, “ஒண்டுமில்ல, வந்திட்டுது” என்றார்கள். அம்மா அசையவில்லை. ஆறுதல் சொல்கிறார்கள் என்றால் ஏதோ நடந்திருக்கிறது என்றே அவர் எடுத்துக்கொண்டார். பிறகு இருட்டுக்குள் நங்கூரக் கயிறு சிக்கியதற்காக அப்பா யாரையோ வழக்கம்போல ஏசும் சத்தம் கேட்டது. அம்மா அந்தக் கணத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டார். பயந்துபோயிருப்பவரை உட்காரவைப்பது ஆறுதல் வார்த்தை அல்ல. எப்போதும் கேட்கிற சத்தம், எப்போதும் போலக் கேட்க வேண்டும்.

“வாய்ப்பாடு சொல்ல வைங்க,” என்றேன்.

“என்ன?”

“ஏழாம் வாய்ப்பாடு. ஒவ்வொரு நாளும் சொல்லுற மாதிரி.”

அவர் என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது. ஆனால் இருவரும் திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தோம். மணியும் ஓட்டமும் இரத்தமும் கண்ட பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். சிறியவர்கள் அழத் தொடங்கியிருந்தார்கள். இந்தக் குரல்களால் வாய்ப்பாடு சொன்னால் கீழே ஒப்பாரிபோலத்தான் கேட்கும். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் முதலில் செய்யவேண்டியது பிள்ளைகளுக்கு எல்லா நேரமும் இருக்கிறது என்று காட்டுவதுதான். “அவரவர் இடத்தில இருங்க” என்றேன். புத்தகப் பைகளை வழக்கம்போலக் காலடியில் வைக்கச் சொன்னேன். கதவை முழுக்கத் திறந்துவைத்தேன். நவாஸ் சேர் மேசையிலிருந்த, கோடு போடும் மட்டத்தடியை எடுத்தார். அதை மேசையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“இண்டைக்கு எட்டேழில திக்குற ஆளுக்கு,” என்று தொடங்கினார், “கண்டக்குழி டீச்சரிட கருவாட்டில பச்சையா ஒரு துண்டு. தண்ணி தரமாட்டன்.”

பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

“என்னடா சிரிப்பு? வாலா, தலையா வேணும் உனக்கு?”

சிரிப்பு பரவியது. அவர் மட்டத்தடியை ஓங்கினார். “ஓரேழு!”

“ஏழு!”

“ஈரேழு!”

“பதினாலு!”

முதல் வரிகளில் குரல்கள் தடுமாறின. நாலேழில் ஒன்று சேர்ந்தன. ஆறேழில் வழக்கமான ராகம் வந்துவிட்டது. தர்ஷினி முன்வரிசையில் கதவைப் பார்த்தபடி இருந்தாள். தன் அம்மா வெளியே இருப்பது அவளுக்குத் தெரியும். அவள் உதடுகள் அசைந்தனவே தவிரக் குரல் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஏழேழு நாற்பத்தொன்பது. எட்டேழு. வண்டி சேற்றில் சிக்கியது. மண்டபம் வாயடைத்தது. அந்த அமைதிக்குள்ளிருந்து, கதவுக்கு வெளியே வெள்ளையாய் நின்ற ஒன்றுமில்லாததைப் பார்த்து, அவள் உரத்த குரலில் சொன்னாள்.

“ஐம்பத்தெட்டு!”

“எவ்வளவு?” என்று முழங்கினார் நவாஸ் சேர். நடிப்பென்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றுக்கும் நடுவிலும் அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “எட்டேழு எவ்வளவு?”

அதை நிறுத்த எங்களுக்குத் துணிவில்லை. முடிந்ததும் மறுபடி ஓரேழிலிருந்து தொடங்கினோம். பிள்ளைகளின் தொண்டை கட்டியது. ஒருவருக்கும் மூட்டத்துக்குள் எதுவும் தெரியவில்லை, எதுவும் கேட்கவில்லை. எத்தனை தடவை சொன்னோமோ தெரியாது. வாசலில் முதலில் பெரியசாமி அண்ணனின் தலை தெரிந்தது. அவருக்குப் பின்னால் போர்வைக்குள், வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி, லெச்சுமி அக்கா நடந்து வந்தார். சேலை இடுப்புவரை சேறு.

அவர் மகளைத் தூக்கவில்லை. தூக்கும் நிலையிலும் இல்லை. அவள் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அவள் தலையில் கைவைத்துக்கொண்டு நவாஸ் சேரைப் பார்த்தார்.

“சார், இன்னும் எட்டேழு வரலியா?”

நவாஸ் சேர் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். லவுட்ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வரவில்லை.

நடந்ததை லெச்சுமி அக்கா எனக்குப் பிறகு, தன் அடுப்படியில் வைத்துச் சொன்னார். மணி கேட்டதும் எழுந்திருக்கிறார். குழாயை விட்டிருக்கிறார். பழைய பாதையில் இறங்கி, ஓடைச் சத்தம் காலுக்குக் கீழேயே கேட்கும் இடம்வரை வந்திருக்கிறார்.

“மண்ணு சரிஞ்சிருச்சு, எம்மவ உள்ள இருக்கான்னுதான் ஓடுனேன் டீச்சர். காலு எங்க வைக்கிறேன்னு எனக்குத் தெரியல. அப்பதான் புள்ளைங்க சத்தம். மொதல்ல நான் நம்பல. அழுவுறாங்களோன்னு நெனச்சேன். அப்பறம் எம்மவ அம்பத்தெட்டுன்னா. சாரு கத்துனாரு. சரி, ஒண்ணும் ஆகல, எப்பவும் போலத் தப்பாத்தான் சொல்றா. அப்படியே ஒக்காந்துட்டேன்.”

அண்ணன் வந்து தொடும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. மறுநாள் வெளிச்சத்தில் பெரியசாமி அண்ணன் என்னையும் நவாஸ் சேரையும் அங்கு அழைத்துப்போனார். அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் புல் மடிந்திருந்தது. அதற்கு அப்பால் பாதை இல்லை. பெரியசாமி அண்ணன் ஒரு பீடியைப் பற்றவைத்தார். எங்களைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். “குளிருதுங்க, போவோம்” என்றுதான் சொன்னார்.

ஆண் குழந்தை பிறந்தது. “என்ன பேர் வைக்கப் போறீங்க?” என்று நவாஸ் சேர் கேட்டதற்கு, “மணின்னு வச்சா ஒங்க ஞாபகமா இருக்கும் சார்” என்றார் லெச்சுமி அக்கா. கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நவாஸ் சேரும் சிரித்தார். ஆனால் அந்தக் கிழமையிலிருந்து, தண்டவாளத்தைப் பள்ளி தொடங்கவும் முடியவும் அடிக்கும் வேலையை அவர் என்னிடம் ஒப்படைத்துவிட்டார். தான் அங்கிருந்து வரும்வரை அதைத் தொடவில்லை.

ஆகவே கரையில் விட்டுவிட்டுப் போகவேண்டியது இதுதான்: சத்தம் போட்டால் காப்பாற்றலாம் என்ற நம்பிக்கை. நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது, கடலில் அது உண்மையும்கூட. மலையில் ஆபத்திலிருப்பவருக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது முதல் தேவை அல்ல. அவசரமில்லை என்பதை அவர் அறியவேண்டும். அதைச் சொல்ல முதலில் நீங்கள் அவசரத்தை விட்டிருக்க வேண்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. தர்ஷினி, அலைக் கல்லின் மேலிருந்து. கீழே வரிசையில் நின்றவர்கள் “சீக்கிரம் பேசுடி” என்று கத்துவதும் கேட்டது. எங்கள் பக்கம் தென்மேற்குக் கச்சான் காற்று அலறிக்கொண்டிருந்ததால் நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். புது ஆசிரியர்கள் எப்போது வருகிறார்கள் என்று கேட்டாள். சொன்னேன். வழக்கம்போல நானும் கேட்டேன்:

“எட்டேழு?”

“ஐம்பத்தாறு, டீச்சர்,” என்றாள், சலிப்போடு. அவள் இப்போது பெரிய வகுப்பு. அதைத் திருத்திக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. சற்று நிறுத்தி, “மூட்டம் போட்டு, யாராச்சும் பாதையில மாட்டிக்கிட்டா மட்டும் அம்பத்தெட்டு. இப்ப சின்னப் புள்ளைங்க எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக்குடுக்குறேன். புது சார்கிட்ட சொல்லிவச்சிருங்க, திருத்திடப் போறாரு” என்றாள்.

சொல்லிவிட்டேன்.